மொழித்துணை

பிறமொழி பயில விழைவார்க்கு இந்நாளில் நூலுக்குக் குறைவில்லை. இலக்கணமும் அகராதியும் கைபேசிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. எந்நேரமும் பாடஞ் சொல்ல ஆயத்தமான இயந்திரங்களும் உள. கிடைத்தற்கு அரியது ஒன்றே: நாம் தட்டுத் தடுமாறிப் பேசுங்கால் பொறுத்திருந்து கேட்டு, மறுமொழி கூறி, பிழை கண்டவிடத்துத் திருத்தி, மறுவாரமும் முகங்கோணாது வந்து அமரும் ஓர் ஆள். கூலி கொடுப்பின் அத்தகைய ஆளைப் பெறலாம். கூலிக்கு மாறாகத் தம் மொழியையே கொடுத்துப் பெறுவது மொழிப் பரிமாற்றம் எனப்படும். இணையத்தின் வழியே நிகழும் இப்பண்டமாற்றில் யாம் ஓராண்டாக ஈடுபட்டு வருகின்றோம். அதற்கேற்ற துணையைத் தேடியடைந்த வரலாற்றையும், அதன்கண் யாம் கண்டனவற்றையும் நம் கல்லூரி அன்பர்க்கு ஈண்டு எழுதத் துணிந்தோம்.

'தமிழ் பயிலும் நுமக்குப் பிரெஞ்சு எதற்கு?' என்பார்க்கு விடை தமிழிலேயே உளது. 1955ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் வெளியிட்ட தமிழாராய்ச்சி நூல்களிற் பல அம்மொழியில் எழுதப்பட்டவை. பரிபாடலைப் பிரான்சுவா குரோ என்னும் அறிஞர் பிரெஞ்சில் பெயர்த்து, முன்னுரையும் குறிப்பும் சேர்த்து, 1968இல் அந்நிறுவன வாயிலாக வெளியிட்டார். பரிபாடல் பாடங்கேட்ட நாளில் எம் ஆசிரியர் அந்நூலைக் கொணர்ந்து மேசைமீது வைத்தார். தமிழ் மூலத்தை யாம் படித்தோம். குறிப்புக்களோ தாழிட்ட கதவாக இருந்தன. நம் பாட்டுக்கு ஒருவர் எழுதிய உரையை நாமே படிக்கவொண்ணாமை எமக்கு உறுத்தலாயிற்று. பணங்கொடுத்துப் பயிலும் வகுப்புக்கள் எம் இல்லத்து வருவாய்க்கு எட்டாதவை. ஆகவே பரிமாற்றத்தை நாடினோம்.

இருவர் தத்தம் மொழியை மாற்றிக் கற்கும் இம்முறைக்கு மேனாட்டார் 'டாண்டம்' என்று பெயரிட்டுள்ளனர். இருவர் முன்னும் பின்னுமாக அமர்ந்து மிதிக்கும் ஈருருளிக்கு வழங்கும் பெயர் அது. இலத்தீனில் அச்சொல் 'நெடும்பொழுது கழித்து, ஒருவழியாக' எனக் காலநீட்சியைக் குறிக்கும். குதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாக நெடுக்கிற் பூட்டிய வண்டிக்கு ஆங்கிலர் அதனைச் சிலேடையாக வைக்க, பின்னர் அது ஈருருளிக்கும் வந்தது. சிலேடைப் பித்து நம் புலவர்க்கு மட்டும் உரியதன்று போலும்! பிரான்சும் செருமனியும் 1963இல் எலிசே உடன்படிக்கையால் பகை மறந்து, இருநாட்டு இளைஞர்க்கென ஒரு பொது அலுவலகம் கண்டன. இருநாட்டு இளைஞரும் கூடிய பயிற்சிகளில் அவர்களை இருவர் இருவராக இணைத்தமை இம்முறையை வளர்த்தது. 1990களில் செருமனியின் பொக்கூம் நகரப் பல்கலைக்கழகத்தார் முதலானோர் இதனை மின்னஞ்சலுக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் வகுத்த நெறிகள் இரண்டே. தன் கல்விக்குத் தானே பொறுப்பாதல் ஒன்று. பெற்ற அளவு கொடுத்தல் மற்றொன்று.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயர், பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் தமிழெழுத்து எழுதிப் பழகிய செய்தி நம் கல்லூரியார்க்குப் புதிதன்று. ஆயின் அங்கே கற்பார் ஒருவர், கற்பிப்பார் வேறொருவர். பரிமாற்றத்திலோ இருவரும் ஒரே மாலையில் ஆசிரியரும் ஆவர், மாணாக்கரும் ஆவர். ஆகவேதான் துணையைத் தேர்தல் இத்துணை இடர்ப்பாடு உடையதாகின்றது. நல்லாசிரியராயின் போதாது, அவருக்கு வேண்டுவது நம்மிடத்தும் இருத்தல் வேண்டும்.

இத்தகைய துணையைத் தேடித்தரும் இணையதளங்களும் செயலிகளும் பல. எங்கும் முதலிற் கேட்கப்படும் வினாக்கள் இரண்டே: நீர் கொடுக்கும் மொழி யாது? பெறவிரும்பும் மொழி யாது? நம் நாட்டு மாணாக்கர் பெரும்பாலோர் முதல் வினாவுக்கு 'ஆங்கிலம்' என்றே எழுதுகின்றனர். எம் தோழியொருத்தி இசுப்பானியம் வேண்டி அவ்வாறே எழுதினாள். மறுநாளே அவள் கைபேசி ஓயாது ஒலிக்கலாயிற்று. பிரேசிலிலிருந்தும், துருக்கியிலிருந்தும், வியத்நாமிலிருந்தும் மடல்கள் வந்தன. அவர்களிற் பலர்க்கு இசுப்பானியம் தெரியாது. ஆங்கிலம் பேச ஓர் ஆள் கிடைத்தாற் போதும் என்பாரே மிகுதி. தெரிந்தெடுத்த ஒருவரோடும் பேச்சு இரண்டாம் வாரத்திற்குள் முற்றும் ஆங்கிலமாயிற்று. இதற்குக் காரணம் அவரது தீமையன்று. இருவர் பேசுங்கால், எம்மொழியில் எளிதாகக் கருத்து ஓடுமோ அம்மொழிக்கே பேச்சுத் தானே சரியும். பள்ளத்தை நாடும் நீரை யார் தடுப்பார்? அவருடைய ஆங்கிலம் நன்று. இவளுடைய இசுப்பானியமோ 'நலமா' என்பதோடு நின்றது. ஆறு மாதம் பேசியும் அவள் கொடுத்தாளேயன்றிப் பெற்றாளல்லள். கொடுத்ததும் தான் பள்ளியில் இரவல் வாங்கிய மொழியே.

யாம் 'தமிழ்' என்று மட்டும் எழுதினோம். அதனைக் கண்ட தோழி, 'தமிழுக்கு யார் வருவார்?' என்று நகைத்தாள். அவள் நகைத்தது எம்மைச் சுட்டது. தமிழுக்காகத் தமிழர் மேடைகளில் முழங்கும் முழக்கம் அனைத்தும் ஒருபாலிருக்க, உலகச் சந்தையில் அதனை ஒரு பண்டமாக வைத்தால் வாங்குவார் உண்டா என்று கண்டறியும் ஆவலும், இல்லையெனில் என்செய்வதென்னும் அச்சமும் ஒருங்கே எழுந்தன. மூன்று வாரத்தில் ஐந்து மடல்கள் வந்தன. ஐந்தே.

முதல் மடல் எழுதியவர் ஓர் இளைஞர். இரண்டு நாள் வணக்கமும் நலமும் கேட்டார். மூன்றாம் நாள் எம் புகைப்படம் கேட்டார். அவர்க்கு வேண்டியது மொழியன்று என அறிந்து அன்றே அவரை விலக்கினோம். பெண்டிர்க்கு இத்தொல்லை மிகுதி. வேண்டாதாரைத் தடுக்கும் பொத்தான் எல்லாச் செயலிகளிலும் உண்டு. அதனை அழுத்துதற்கு எவரும் நாணவேண்டுவதில்லை. இரண்டாமவர் இருமுறை எழுதி மறைந்தார். மூன்றாமவர் பாரிசு நகரத்து முதியவர். நம் கோயில்களைச் சுற்றிப் பார்த்து, கல்லெழுத்தில் ஆசைகொண்டவர். இனிய மனிதர். ஆயின் பேச விரும்பாதவர். மாதம் ஒரு நெடுமடல் எழுதுவதே அவர் வழக்கம். அவரது ஆசைக்கு அது தக்கது, எமக்கோ மாதத்திற்கு ஒருமுறை பசியாறியது போலாயிற்று. நான்காமவர் பிரான்சிலே பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ் நங்கை. அவர் காதுக்குத் தமிழ் பழகியது, கண்ணுக்குத்தான் பழகவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும் என்றார். இதனினும் நற்பேறு யாதென்று மகிழ்ந்தோம். நடந்ததோ வேறு. இருவரும் தமிழில் பேசத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது. அவர் தம் அன்னையார் சமைக்கும் கூழைப் பற்றியும், யாம் எம் விடுதிச் சோற்றைப் பற்றியும் பேசித் தீர்த்தோம். பிரெஞ்சு வாயிற்படியிலேயே நின்றது. மூன்று மாதத்தில் அவர் தமிழ் படிக்கக் கற்றார். இன்றும் எம் நண்பர். நட்புக்கு ஏற்றார் வேறு, பரிமாற்றத்துக்கு ஏற்றார் வேறு என்பதை அவராலேயே அறிந்தோம். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே உயிர்நண்பராயினர் என்று புறநானூற்றில் படிக்கின்றோம். அவர்கள் இருவருக்கும் மொழி ஒன்றாயிருந்தது என்பதை அப்போது எவரும் எண்ணுவதில்லை.

ஐந்தாம் மடல் ரெயூனியனிலிருந்து வந்தது. இந்துமாக்கடலின் மேற்பால், மொரீசியசுக்கு அருகே கிடக்கும் பிரெஞ்சுத் தீவு அது. 1848 டிசம்பர் 20ஆம் நாள் அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியபோது தென்னாட்டினின்று ஒப்பந்தக் கூலிகளாக எண்ணிறந்தோர் கப்பலேற்றப்பட்டனர். அவர்தம் வழித்தோன்றல்களை அங்கே 'மல்பார்' என்பர். வீட்டில் பேசுவது கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. தமிழோ பெயர்களில் உறைந்து கிடக்கின்றது. ராமசாமி என்பதும், மினாச்சி எனத் திரிந்த மீனாட்சி என்பதும் அங்கே குடும்பப் பெயர்கள். அடுக்களையிலும் தமிழ் ஒளிந்துள்ளது. தக்காளியும் மிளகாயும் இடித்துச் செய்யும் 'ரூகாய்' என்னும் தொடுகறி நம் ஊறுகாயினின்று பெயர் பெற்றது என்பர். முருங்கைக் கீரையை 'ப்ரேத் மூரூம்' என்கின்றனர். இச்சொற்களை அவர் முதன்முதல் எழுதியனுப்பிய மாலையில், யாம் விடுதித் தாழ்வாரத்தில் நின்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம்.

அவர் சேன்-தெனி நகரத்துப் பல்கலைக்கழக மாணவி. எம்மினும் மூன்றாண்டு மூத்தவர். எமக்கு அவர் ஏற்ற துணையாயினமைக்கு முதற் காரணம் மிகச் சிறியது, கடிகாரம். ரெயூனியன் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. நமக்கு இரவு 8 மணியெனில் அவர்க்கு மாலை 6.30. கனடாவின் தொரந்தோவில் அப்போது காலைப்பொழுது. அலுவலுக்கும் வகுப்புக்கும் ஓடும் நேரம். பாரிசிலோ மார்ச்சிலும் அக்டோபரிலும் கடிகாரத்தை மாற்றிவைப்பர். வேறுபாடு மூன்றரையிலிருந்து நான்கரைக்கும், மீண்டும் மூன்றரைக்கும் தாவும். ரெயூனியனிலும் அம்மாற்றமில்லை, நம் நாட்டிலும் இல்லை. செவ்வாய் இரவு 8 என்றால் ஆண்டு முழுதும் செவ்வாய் இரவு 8. துணை தேடுவார் சுவையையும் கலையையும் பொருத்திப் பார்க்கின்றனரேயன்றி இதனைப் பொருத்துவதில்லை. எத்துணையோ பரிமாற்றம் இதனாலேயே ஒரு திங்களில் மாண்டுபோகின்றது.

இரண்டாவது பொருத்தமே பெரிது. முதன்முறை பேசியபோதே, 'நுமக்குத் தமிழ் எற்றுக்கு?' என்று வினவினோம். பரிமாற்றம் தொடங்குமுன் கேட்கத்தக்க வினா இதுவொன்றே என்பது எம் கருத்து. சும்மா ஆர்வம் என்பாரும் உளர். அவர்தம் ஆர்வம் மழைக்காலத்து ஈசல். அவர் வேறு விடை கூறினார். அத்தீவில் 'பால் தமூல்' அல்லது 'நார்ல்கோன்' என்று ஓர் இரவுக் கூத்து உண்டு. நாடகம் என்னும் நம் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். பாரதமும் இராமாயணமும் விடியவிடிய ஆடிப்பாடப் பெறும். பாட்டுத் தமிழ்; பாடுவாரிற் பலர்க்குப் பொருள் தெரியாது. அவர்தம் மாமன் ஒருவர் அக்கூத்தில் பாடுபவர். தம் தந்தையிடமிருந்து வந்த குறிப்பேட்டைப் பார்த்துப் பாடுவாராம். பாட்டு முழுதும் பிரெஞ்சு எழுத்தில் எழுதப்பட்டது. 'மாமன் பாடும்போது ஊர் அழுகின்றது. ஏன் அழுகின்றோம் என்று எவர்க்கும் தெரியாது. அதனை அறியவே தமிழ் வேண்டும்' என்றார்.

யாம் சற்று நேரம் பேசவில்லை.

தமிழ் கற்கவரும் அயல்நாட்டார் பெரும்பாலார்க்கு வேண்டுவது பேச்சுத் தமிழ். கடைத்தெருவில் விலை கேட்கவும், மாமியார் வீட்டில் உரையாடவும் அதுவே பயன்படும். அவரிடம் எம் போல்வார் சென்று 'யான் வந்துகொண்டிருக்கின்றேன்' என்று கற்பித்தால், சென்னைப் பேருந்தில் அவரைப் பார்த்து நகைப்பர். எழுத்து ஒன்று, பேச்சு ஒன்றாகப் பிளந்துநிற்கும் நம் மொழியில், எந்தத் தமிழை வேண்டுவார், எந்தத் தமிழைக் கொடுப்பார் என்பது பொருந்தாவிடில் தமிழ் தெரிந்தும் பயனில்லை. ரெயூனியன் தோழிக்கோ வேண்டியது கூத்துப் பாட்டின் பழந்தமிழ். எமக்கு வேண்டியதும் பிரெஞ்சுத் தெருப்பேச்சன்று; நூலில் எழுதிய பிரெஞ்சு. இருவர் பசியும் ஒருவகையினவாய் அமைந்தன.

செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம். முதல் 30 நிமிடம் தமிழ். மணி அடித்ததும் பிரெஞ்சு. மணி அடித்தபின் பாதியில் நின்ற வாக்கியத்தையும் மறுமொழியில்தான் முடித்தல் வேண்டும். இவ்விதியை அவர் விதித்தார்; யாம் முணுமுணுத்துக்கொண்டே உடன்பட்டோம். இன்று அவ்விதியில்லையேல் பரிமாற்றமே இல்லையென்போம். பிழை திருத்துவதிலும் ஓர் அளவு வைத்தோம்: பேசும்போது இடைமறித்தல் இல்லை; இறுதியில் மூன்றே பிழைகள். பதினைந்து பிழைகளைப் பட்டியலிட்டால் மறுவாரம் வாய் திறவாது.

தமிழ்ப் பாதியில் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவார். அதனைத் தமிழெழுத்தில் மீட்டெழுதுவதே வேலை. கேட்பதற்கு எளிது, செய்வது அங்ஙனமன்று. பிரெஞ்சு எழுத்தில் லகரம் ஒன்றே. ஆகவே ஏட்டிலுள்ள சொல் வலியா, வளியா, வழியா என்று அச்சொல்லை மட்டும் பார்த்து அறியமுடியாது. குறிலும் நெடிலும் கலந்து கிடக்கும். 'கல்' என்பதும் 'கால்' என்பதும் 'காள்' என்பதும் ஒரே உருவில் நிற்கும். கதை அறிந்து, எதுகை பார்த்து, மோனை பார்த்து, இன்ன சொல்தான் இது என்று முடிவுசெய்யவேண்டும். யாப்பிலக்கணம் தேர்வுக்கு மட்டுமே பயன்படுவது என்று நம் வகுப்பில் சிலர் கூறுவர். அவர்களை ஒரு செவ்வாய் இரவு எம்மருகில் அமரச்செய்ய விரும்புகின்றோம். சில சொற்கள் எத்துணை முயன்றும் திறக்கவில்லை. நான்கு தலைமுறை வாய்மாறி வந்தவை அவை. அவற்றைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்துள்ளோம்.

பிரெஞ்சுப் பாதியில் குரோவின் பரிபாடல் முன்னுரையைப் பத்தி பத்தியாகப் படிக்கின்றோம். முதல் நாளே அவர், 'இந்தப் பிரெஞ்சு எனக்கே கடினம்' என்று கூறிவிட்டார். அதனைக் கேட்டபோது எமக்கு உண்டான ஆறுதலுக்கு அளவில்லை. செவ்வேளைப் பற்றிய பாடல்களுக்கு வந்தபோது காவடி என்னும் சொல்லை யாம் எடுத்தோம். அவர் கண் மலர்ந்தது. தைப்பூசக் காவடி அத்தீவிலும் எடுக்கப்படுவது. அதைப் பற்றி அவர் தம்மையறியாமல் விரைந்து பேசிய ஐந்து நிமிடப் பிரெஞ்சில் எமக்குப் பாதிதான் விளங்கிற்று. ஆயினும் அந்த ஐந்து நிமிடமே உண்மையான பிரெஞ்சு.

விளிப்பதிலும் ஒரு சிறு வழக்கு எழுந்தது. பிரெஞ்சிலே 'தூ' என்பது நம் 'நீ'. 'வூ' என்பது நம் 'நீங்கள்'. மாணாக்கர் தம்முள் 'தூ' என்பதே அவர் வழக்கம். மூன்றாண்டு மூத்தவரை அவ்வாறு விளிக்க எமக்கு நாக்கு எழவில்லை, 'அக்கா' என்றோம். அஃது என்னவென்று கேட்டார். உடன்பிறவாதாரையும் அவ்வாறு அழைக்கலாம் என்றதும் அவர்க்கு அடக்கவொண்ணாத மகிழ்ச்சி. எம்மை அவர் நூலிற் கண்டபடி 'தங்கை' என்று அழைக்கலானார். விடுமுறையில் எம் அன்னையார் அதனைப் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, 'தங்கச்சின்னு சொல்லும்மா' என்று கைபேசிக்குள் குனிந்து திருத்தினார். எமது மூன்று பிழை விதி எம் அன்னையார்க்குப் பொருந்துவதன்று.

இணையதளங்களைப் பற்றி ஒரு சொல். அவை சந்தைத் திடல்கள். அறிமுகம் அங்கே நிகழலாம், குடியிருப்பு அங்கே ஆகாது. 2007இல் தொடங்கிய லைவ்மோக்கா என்னும் தளத்தில் உலகெங்கும் இலக்கக்கணக்கானோர் மொழி பயின்றனர், 2013இல் அதனை வேறொரு நிறுவனம் வாங்கிற்று, 2016இல் மூடிற்று. அதன்வழியே மட்டும் உறவாடிய துணைவர்கள் ஒருவரையொருவர் எங்ஙனம் மீண்டும் கண்டிருப்பர்? நம்பத்தக்கவர் என்று தெளிந்தபின் மின்னஞ்சல் முகவரி ஒன்றையாவது மாற்றிக்கொள்ளுதல் நன்று, தெளியுமுன் வேண்டா.

இவ்வாண்டு எம் தோழி இசுப்பானியத்தை விட்டாளில்லை. முன்னை அறிமுகத்தை மாற்றி எழுதினாள். ஆங்கிலம் என்றிருந்த இடத்தில் தமிழ் என்று இட்டிருக்கின்றாள். எட்டு நாளாக ஒரு மடலும் வரவில்லை. நாள்தோறும் காலையில் எம் அறைக்கு வந்து, 'உன் சந்தையில் இன்றும் ஆளில்லை' என்று கூறிச் செல்கின்றாள்.

குறிப்பேட்டில் இன்னும் 11 பக்கங்கள் உள்ளன. சென்ற செவ்வாயன்று, அருச்சுனன் தவநிலைக்குப் புறப்படும் பகுதியில் ஒரு சொல்லில் நின்றோம். அது 'வழி' என்றால் பாஞ்சாலி அவனுக்கு விடைகொடுக்கின்றாள். 'வலி' என்றால் தன் துயரைச் சொல்லுகின்றாள். அடுத்த அடியின் எதுகை கிழிந்த தாளோடு போய்விட்டது. மாமன் அந்த அடியை எவ்வாறு பாடுகின்றார் என்று கேட்டு, அவர் குரலையே பதிவுசெய்து அனுப்புவதாகக் கூறியுள்ளார். தமிழிலே 'போய் வருகிறேன்' என்றார். யாம் கிரியோலில் அவர் கற்பித்தபடி 'நா ஆர்த்ரூவ்' என்றோம். மீண்டும் சந்திப்போம் என்பது அதன் பொருள்.